குப்பை மெசினில் சோதினைக்குப் போன மாரி

போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குச் உள்ளூராட்சிச் சபை ஆட்கள் வந்து கழிவுநீர் ஓடுகிற கானைத் துப்புரவாக்கினார்கள். டெங்குக் காலம் அல்லவா. சேற்றை வாரி ஏற்றி முடித்ததும், ஒரு பெண்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு வந்து கான் நெடுகிலும் வெள்ளைத் தூளைத் தூவிக்கொண்டு போனாள். பிளீச்சிங் தூள். அந்த மணம் வாசல் கடப்படியைத் தாண்டி உள்ளே வந்ததுதான் தாமதம், என் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் சாத்த ஓடினாள். நான் கதிரையை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மாமி, உள்ளுக்க வாங்க. தலையிடிக்கும்."

"எனக்கு இது சோதினை மணம் புள்ள" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வயது போனால் இப்படித்தான் ஏதாவது கதைப்பார்கள் என்று நினைத்திருப்பாள். நீங்களும் அப்படி நினைக்கலாம். ஆனால் சொல்லுங்கள், உங்களுக்குச் சோதினை என்றால் என்ன மணம் வருகிறது? புதுப் பேனை, மை, சலவைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கூட இருந்து படித்த சிநேகிதி ஒருத்திக்கு அவளுடைய உம்மா தலையில் வைத்துத் தேய்த்த எண்ணெய் மணம். எனக்கு பிளீச்சிங் தூளும் ஈர வைக்கோலும், அவற்றுக்கு அடியில் எவ்வளவு கழுவியும் போகாத மீன் செதிலும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் என் வாய் கணக்குச் சூத்திரங்களை முணுமுணுக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் வாப்பா சாய்ந்தமருதுக்காரர். மேற்கே கொலனியில் காணி கிடைத்ததும் உம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு போய் வயலுக்கு நடுவில் குடியேறியவர். கடற்கரையில் பிறந்த உம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. "இஞ்ச வாற மீன் நம்மள விட வயசான மீன்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். வாப்பாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. வரப்பில் நின்று கதிரைப் பார்த்தால் போதும், அவருக்குப் பசி தீர்ந்துவிடும்.

எங்களுக்கும் கரையோர ஊர்களுக்கும் நடுவில் ஆற்று நீர் கடலோரக் களப்பில் போய் விழுகிற ஒரு தாழ்ந்த நிலம். அதற்குக் குறுக்கே நீண்ட தாம்போதி. கோடையில் அதன் மேல் பஸ் போகும், மாட்டுவண்டி போகும், நெல்லுக் காயப் போட்டவர்களும் உண்டு. மாரி பிறந்தால் தண்ணீர் அதன் மேல் ஏறிப் பாயும். பிறகு அந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான்.

நான் சாதாரண தரச் சோதினை எழுதியது சூறாவளி அடித்த மறுவருச மாரியில். சூறாவளியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வீட்டுக் கூரையோடு என் புத்தகங்களும் நனைந்துபோய், வெயிலில் காய வைத்து எடுத்தபோது ஒவ்வொன்றும் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. பூமிசாத்திரப் புத்தகம் மூடவே மூடாது. தலைக்கு வைத்துப் படுத்துப் பார்த்தேன், கழுத்து வலித்ததுதான் மிச்சம். அப்படி விரிந்துபோன புத்தகங்களைப் படித்துத்தான் நாங்கள் சோதினைக்கு ஆயத்தமானோம்.

சோதினை மண்டபம் தாம்போதிக்கு அப்பால் டவுனில். சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்து எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாமா வீட்டுக் கூரையைக் காற்றுக் கொண்டுபோய், அது அப்போதும் திரும்பி வரவில்லை. ஒரே அறைக்குள் இரண்டு குடும்பம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளுக்கு டவுனில் அப்படி ஒரு மாமாகூட இல்லை. அதோடு, சோதினைக்கு முதல்நாள் பின்னேரம் வரைக்கும் தாம்போதி காய்ந்துதான் கிடந்தது. அன்று பெய்யத் தொடங்கிய மழை விடியும்போது எங்களைத் தீவாக்கிவிட்டது.

விடிந்ததும் விடியாததுமாக நாங்கள் கரையில் போய் நின்றோம். எங்கள் கொலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம், தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அனுமதி அட்டையைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் சேறு தெறிக்காமல் கால்விரலில் நின்றுகொண்டிருந்தோம். தோணிக்காரர்கள் தோணியைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வெள்ளத்தோடு ஆற்றுவாழைச் செடி பாயைப் போல அடித்துக்கொண்டு வந்தது. அதற்குள் தோணி அகப்பட்டால் நேரே களப்புக்குத்தான். காசைக் கூட்டித் தருகிறோம் என்று வாப்பா கேட்டதற்கு, தோணிக்காரர் தலையை ஆட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் எதிர்க்கரையில் ஒரு மெசின் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் உழவு இயந்திரத்தை மெசின் என்றும் பின்னால் இழுத்துப் போவதைப் பெட்டி என்றும் சொல்லுவோம். அது சபையின் குப்பை மெசின். தாம்போதிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் குப்பை கொட்ட வந்திருந்தது. எந்தச் சபை என்று மட்டும் கேட்காதீர்கள். கல்முனைக் கரையில் அந்த நாளில் சபைகள் பல. எங்கள் ஆட்கள் தங்களுடைய சபை இல்லை என்று கோபித்துக்கொள்வார்கள்.

மெசினில் இருந்தவர் எழுந்து நின்று கையை வாயில் குவித்துச் சத்தம் போட்டார்.

"ஆரது? என்ன நிக்கிறீங்க?"

"சோதினைப் புள்ளையள்!" என்று வாப்பாவும் கத்தினார்.

காற்று பாதிச் சொல்லைக் கொண்டுபோயிருக்க வேண்டும். அவர் கையை நெற்றியில் வைத்து எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மெசினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் பக்கத்தில் நின்ற செல்வராணி, தமிழ்க் கிராமத்துப் பிள்ளை, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை விட்டாள். "அவரும் போயிட்டார்" என்றாள். ஏதோ எங்களுக்கு அவரைப் பல வருசமாகத் தெரியும் போல.

அவர் பெயர் ஆதம்பாவா. எங்களுக்கு ஆதம்பாவா காக்கா, அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சபையின் மெசின் சாரதி. அன்று அவர் திரும்பிப் போய்ச் செய்த வேலையைப் பிறகு அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். நேரே சந்தைக்குப் போயிருக்கிறார். அங்கே பொன்னம்மாக்கா குப்பை கூட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், சபையின் சுகாதாரத் தொழிலாளி. நல்ல உயரமான மனுசி. அவர் நிமிர்ந்து நின்று கதைத்தால் மீன்கடைக்காரர்கள் தராசை ஒழுங்காகப் பிடிப்பார்கள் என்று சொல்வார்கள்.

"பொன்னம்மா, பெட்டியக் கழுவணும். சோதினைக்குப் போற பொம்புளப் புள்ளையள் ஏறப்போகுது."

பொன்னம்மாக்கா என்ன ஏது என்று கேட்கவில்லையாம். சந்தைக் கிணற்றில் இருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றி, ஈர்க்குமாற்றால் தேய்த்து, பிளீச்சிங் தூள் போட்டு மறுபடி தேய்த்து, மாட்டுவண்டிக்காரர் ஒருவரிடம் வைக்கோல் வாங்கி அடியில் பரப்பியிருக்கிறார். எல்லாம் முடிந்து ஆதம்பாவா காக்கா மெசினில் ஏறும்போது பொன்னம்மாக்காவும் கான் குத்துகிற மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு பெட்டியில் ஏறியிருக்கிறார்.

"நீ எங்க?"

"பொம்புளப் புள்ளையள் எண்டீங்க. ஒரு பொம்புள இல்லாம அதுகள்ட தாய் தகப்பன் விடுவாங்களா?"

நான் பிறகு எத்தனையோ கூட்டங்களில் இருந்திருக்கிறேன். பெண்பிள்ளைகளின் கல்வி பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் கதைக்கக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் விசயத்துக்கு வந்ததில்லை.

எதிர்க்கரையில் மெசின் மறுபடி தெரிந்தபோது எங்களுக்கு நம்ப முடியவில்லை. அதைவிட நம்ப முடியாதது, மெசினுக்கு முன்னால் தண்ணீருக்குள் ஒரு பெண் நடந்து வந்தது. சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, மூங்கில் கம்பால் இடமும் வலமும் குத்திப் பார்த்து, தாம்போதியின் விளிம்பு எங்கே என்று கண்டு கையைக் காட்ட, அந்தக் கையின் பின்னால் மெசின் ஊர்ந்து வந்தது. விசிறி தண்ணீரை எஞ்சின் மேல் அடிக்காமல் இருக்க முன்பக்கத்தில் சாக்கு ஒன்றைக் கட்டியிருந்தார் ஆதம்பாவா காக்கா. சாக்குக் கட்டிய அந்த மெசின், வாயைக் கட்டிக்கொண்டு வருகிற எருமை மாதிரி இருந்தது.

மெசின் கரையேறியதும் வாப்பா பெட்டியை எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"குப்பை ஏத்துற பெட்டியிலயா..."

"காக்கா, நான் தேச்சுக் கழுவின பெட்டி" என்றார் பொன்னம்மாக்கா. "என்ட வீட்டுக் குசினியும் இவ்வளவு துப்பரவு இல்ல."

"அதுக்கில்ல தங்கச்சி. தண்ணிய நினைச்சாத்தான்..."

"தண்ணிக்கு முன்னால நான் போறன். நான் முங்கினா நீங்க புள்ளையத் திருப்பிக் கூட்டிட்டுப் போங்க."

வாப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார். மற்ற வாப்பாமாரும் அப்பாமாரும் அதைப் பார்த்துத்தான் தங்கள் பிள்ளைகளை ஏற்றினார்கள்.

அந்த முதல் பயணத்தில் நான் கண்ணைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினேன். நோன்பு திறக்கிற துஆவும் அதற்குள் வந்துவிட்டது. செல்வராணி பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டிக்குள் இருந்து இத்தனை பக்கமாக மன்றாட்டம் போனதாலோ என்னவோ, பத்திரமாக அக்கரை சேர்ந்தோம்.

மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலையில் வைக்கோல், பாவாடை விளிம்பில் சேறு, கூடவே அந்த மணம். மேற்பார்வைக்கு நின்ற ரீச்சர் என் மேசையைத் தாண்டும்போது மூக்கை இரண்டு தரம் உறிஞ்சி, கூரையைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார். டவுன் பிள்ளை ஒருத்தி கதிரையைச் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் நகர்த்தினாள். கட்டுரைத் தலைப்புகளில் மழையைப் பற்றியும் ஒன்று இருந்தது. அன்று எனக்கு மழையைப் பற்றி எழுதும் மனநிலை இல்லை. மரம் நடுவதைப் பற்றி எழுதிக் கொடுத்தேன்.

பின்னேரம் வெளியே வந்தால், மதில் ஓரத்து வேம்புக்குக் கீழே மெசின் நிற்கிறது. ஆதம்பாவா காக்கா சில்லு மட்காட்டில் குந்திக்கொண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் புது வைக்கோல்.

"எப்படிச் செஞ்சீங்க?"

"பறவாயில்ல காக்கா."

"அப்ப நாளைக்கும் வெள்ளன வந்து நில்லுங்க. சுணங்கப்படாது, என்ன?"

நாளைக்கும் வாருங்கள் என்று அவரிடம் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. அவராகச் சொல்லிவிட்டார்.

இப்படித்தான் அது தினசரி வேலையாகிவிட்டது. காலையில் கூட்டிப் போய், மாலையில் கொண்டுவந்து விடுவது. ஒவ்வொரு நாளும் பொன்னம்மாக்கா முன்னால் நடப்பார், மெசின் பின்னால் வரும். மழை விட்டபாடில்லை.

ஆனால் சபைக்கு ஒரே ஒரு பெரிய மெசின். காலை வேளையில் அது எங்களைச் சுமந்தால் சந்தைக் குப்பையை யார் சுமப்பது? மீன் கழிவும் வாழை மடலும் குவிந்தன. சபைச் செயலாளர் அக்கரைப்பற்றில் இருந்து வந்து வேலை செய்கிறவர். எல்லோரும் செக்கட்டரி ஐயா என்பார்கள். மடிப்புக் கலையாத வெள்ளை நீளக்காற்சட்டை. கண்டிப்பான மனுசன், ஆனால் கெட்டவர் இல்லை. மேலிடத்தில் அனுமதி கேட்டுப் பார்த்திருக்கிறார், பதில் வரவில்லை. அவருக்கும் பயம். தண்ணீருக்குள் ஏதும் நடந்தால் ஒரு வீட்டுப் பிள்ளைக்கா இரண்டு வீட்டுப் பிள்ளைக்கா பதில் சொல்வது?

"ஆதம்பாவா, ஓடர் இல்லாம மெசின் வெளிய போகப்படாது. குப்பை நாறுது. சனம் என்னத்தான் ஏசும்."

"சனத்திட்டக் கேட்டுப் பாருங்க ஐயா" என்றாராம் ஆதம்பாவா காக்கா.

அப்போதுதான் அந்த விசயம் தெரிய வந்தது. சனம் கேட்காமலே பதில் சொல்லிவிட்டிருந்தது. மீன்கடைக்காரர்கள், மரக்கறி வைத்திருந்தவர்கள், இறைச்சிக் கடைக்காரர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் முன்பக்கத்தைத் தாங்களே கூட்டத் தொடங்கியிருந்தார்கள். கழிவை ஒரு மூலையில் சேர்த்துச் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். பொன்னம்மாக்கா இல்லாத நேரத்தில் அவருடைய விளக்குமாற்றை எடுத்து மீன்கார அலியார் நானா கான் வரைக்கும் கூட்டியதை டவுனில் கன காலம் சொல்லிச் சிரித்தார்கள். தன் வீட்டு முற்றத்தில் அவர் ஈர்க்கு ஒன்றைக்கூடத் தொட்டதில்லை என்பது அவருடைய மனைவியின் முறைப்பாடு.

"புள்ளையள் சோதின எழுதி முடியட்டும் ஐயா. மறுகா அள்ளலாம்" என்று செக்கட்டரி ஐயாவிடம் அவர்கள் சொன்னார்களாம். அவர் சபைக் கந்தோருக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.

கணக்குச் சோதினை நாள் வந்தது. எனக்கு ஏற்கெனவே கணக்கு என்றால் காய்ச்சல். அன்று தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. பொன்னம்மாக்காவுக்கு இடுப்பு வரை. கரையில் நின்ற வாப்பா, "இண்டைக்கு வேணாம் போல" என்று மெல்லச் சொன்னார். ஆதம்பாவா காக்கா தண்ணீரைப் பார்த்தார், பொன்னம்மாக்காவைப் பார்த்தார். அக்கா கம்பை ஊன்றி இரண்டு எட்டு நடந்து பார்த்துவிட்டு, வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

தாம்போதியின் பாதியைத் தாண்டிவிட்டோம். எதிர்க்கரையில் ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. அவர்களுக்குள் வெள்ளைக் காற்சட்டையோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு செக்கட்டரி ஐயா. மெசினை நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறார் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துப் பெட்டி திடீரென்று ஒரு பக்கம் சரிந்தது. இராவோடு இராவாக வெள்ளம் தாம்போதியின் விளிம்பில் ஒரு துண்டை அரித்துக்கொண்டு போயிருந்தது. பெட்டியின் பின்சில்லு அந்தக் கிடங்குப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது.

நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். வைக்கோலும் புத்தகப் பைகளும் சரிந்த பக்கம் ஓடின. நானும் ஓடியிருப்பேன், செல்வராணி என் பின்னலைப் பிடித்திருக்காவிட்டால். ஆதம்பாவா காக்கா எஞ்சினை நிற்க விடாமல் காலை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். இழுத்தால் பெட்டி புரண்டுவிடும், விட்டால் தண்ணீர் இழுக்கும்.

"கத்தாதீங்ககா!" என்று பொன்னம்மாக்காவின் குரல் வந்தது. வெள்ளத்துக்குள்ளால் பெட்டிப் பக்கம் அவர் வந்துகொண்டிருந்தார். "வாயப் பொத்திட்டு எல்லாரும் மேல் பக்கம் வாங்க. ஒராள் ஒராளா இறங்குங்க. இறங்கினதும் இந்தக் கம்பப் புடிங்க. கம்ப விடப்படாது, என்ன நடந்தாலும் விடப்படாது."

கம்பின் ஒரு முனை அவருடைய கையில். வரிசையாக நாங்கள் அதைப் பற்றிக்கொண்டோம். தண்ணீர் என் நெஞ்சைத் தொட்டது. அனுமதி அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். கையில் வைத்திருந்த சூத்திரக் கொப்பி போய்விட்டது. ஆற்றுவாழை மேல் இருந்து அது களப்பை நோக்கிப் போனதைப் பார்த்தபோது, நம்புங்கள், எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

எதிர்க்கரையில் சத்தம் கேட்டுத் திரும்பினோம். சந்தை ஆட்கள் கயிற்றோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், சப்பாத்தும் கழற்றாமல், அந்த மடிப்புக் காற்சட்டையோடு செக்கட்டரி ஐயா. கயிற்றின் முனை அவருடைய தோளில். வந்து சேர்ந்ததும் ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் எங்கள் கம்பையும் பிடித்துக்கொண்டார். ஒருவரையும் ஏசவில்லை. "நடங்க புள்ளையள், நடங்க, நடங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எல்லோரும் கரையேறினோம், கடைசி ஆளும். பாரம் குறைந்த பெட்டியை ஆட்கள் தூக்கிக் கொடுக்க, ஆதம்பாவா காக்கா மெசினை மெதுவாக இழுத்து எடுத்தார்.

அப்போதுதான் எங்களுக்கு நேரம் நினைவுக்கு வந்தது. செல்வராணி, "மணி அடிச்சிருப்பாங்க" என்றாள். உடனே எல்லோரும் அழத் தொடங்கிவிட்டோம். தண்ணீருக்குள் அழாதவர்கள் தரையில் நின்று அழுதோம்.

செக்கட்டரி ஐயா உடனே சைக்கிளில் ஏறினார். காற்சட்டையில் இருந்து தண்ணீர் ஒழுக ஒழுக அவர் மிதித்துப் போனதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். நாங்கள் மெசினில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் வாசலில் மேற்பார்வையாளரோடு நின்றுகொண்டிருந்தார். பிந்தி வருகிறவர்களை உள்ளே விடக்கூடிய நேரம் முடியவில்லை, பிள்ளைகள் வருகிற வழியில் இருக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அந்த வாசலை அவர் மூட விடவில்லை. முதல்நாள் மூக்கை உறிஞ்சிய அதே ரீச்சர் தன் சால்வையை எடுத்து எங்கள் கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். வினாத்தாள் நனையக் கூடாது அல்லவா.

அன்று பின்னேரம் வேம்புக்குக் கீழே ஆதம்பாவா காக்கா கொஞ்சம் தயங்கியபடி செக்கட்டரி ஐயாவிடம் கேட்டார். "ஐயா, நாளைக்கு மெசின்...?"

"என்ன கேள்வி? போகத்தானே வேணும்."

"ஓடர் வரல்லியே."

"நான் கண்ணால பாத்திட்டன். இனி ஆரும் கேட்டா என்னட்டக் கேக்கட்டும்."

அடுத்த நாள் விடிவதற்குள் சபைத் தொழிலாளர்கள் கல்லும் மண்மூடையும் போட்டு அந்தக் கிடங்கை அடைத்துவிட்டார்கள். மிச்சச் சோதினையெல்லாம் ஒரு தடையும் இல்லாமல் முடிந்தது. முடிந்த அன்று மழையும் விட்டது. வானத்துக்கு அப்படி ஒரு குறும்பு.

பெறுபேறு வந்தபோது எங்களில் அநேகர் தேறியிருந்தோம். எனக்குக் கணக்கில் சாதாரணச் சித்தி, மட்டுமட்டான தேர்ச்சி. அந்தச் சித்தியை நான் எடுத்தேனா, கம்பைப் பிடித்தவர்கள் எடுத்தார்களா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தச் சித்தி இல்லாவிட்டால் நான் ரீச்சராகியிருக்க மாட்டேன். செல்வராணி தாதியாகி, பிறகு தாதிமாருக்கே பொறுப்பாளராகி ஓய்வு பெற்றாள்.

அந்த வருசம் எங்கள் கொலனிப் பள்ளியில் பரிசளிப்பு வைத்தார்கள். தமிழ்க் கிராமத்தாரும் சேர்ந்துதான் செய்தார்கள். செக்கட்டரி ஐயாவைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடப் போனார்கள். "என்னத் தனியாக் கூப்பிட்டா வரமாட்டன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். விழா நாளில் மூன்று பேரும் ஒன்றாக அந்த மெசினிலேயே வந்து இறங்கினார்கள். தாம்போதி காய்ந்து கிடந்தது. பெட்டியில் மாவிலை கட்டியிருந்தார்கள், அது அலியார் நானாவின் வேலையாம்.

முன்வரிசையில் மூன்று கதிரை. பொன்னம்மாக்கா கதிரையின் நுனியில்தான் இருந்தார். யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பது போல. ஆதம்பாவா காக்காவுக்குப் பரிசாக மருதமுனைக் கைத்தறிச் சாரன். பொன்னம்மாக்காவுக்கு மாம்பழ மஞ்சளில் சேலை, அது உம்மாமார் சேர்ந்து தெரிவு செய்தது. பெற்றோர் சார்பில் நன்றி சொல்ல வாப்பாவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். வாப்பா வயலில்தான் கதைக்காரர், மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாளாக மனப்பாடம் பண்ணியது எல்லாம் மறந்துபோய் நின்றார். பிறகு பொன்னம்மாக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, நாங்க எங்கட புள்ளையளப் பெட்டிக்குள்ள ஏத்தின மட்டும்தான். நீங்கதான் கொண்டுபோய்ச் சேத்தீங்க. அவ்வளவுதான்."

இறங்கிவிட்டார். அதைவிட நல்ல நன்றியுரையை நான் பிறகு கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விழா முடிந்து சனம் கலைந்தபோது மண்டபம் முழுக்கக் கச்சான் கடலைக் கோதும் கடுதாசியும். பொன்னம்மாக்கா பழக்கத்தில் எழுந்து மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்துவிட்டார். செல்வராணி ஓடிப்போய் அதை அவருடைய கையில் இருந்து வாங்கினாள். "நீங்க இரிங்கக்கா" என்று நாங்கள் அவரை மறுபடி கதிரையில் இருத்தினோம். இந்த முறை அவர் நன்றாகச் சாய்ந்து இருந்தார். நாங்கள் கூட்டக் கூட்ட, "அந்த மூலையப் பாக்கல்லகா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு எண்பதுகளின் நடுவில் நல்லதல்லாத வருசங்கள் வந்தன. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றை ஒன்று பார்த்துப் பயந்தன. அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாண்டிருப்பில் இருந்து சந்தைக்குத் தனியாக நடந்துவர முடியாத காலைகளில், ஆதம்பாவா காக்கா மெசினை ஊர் எல்லையில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். பொன்னம்மாக்கா வந்து ஏறிய பிறகுதான் புறப்படுவார். வேலை முடிந்ததும் அதே இடத்தில் கொண்டுபோய் விடுவார். இதற்கும் அவரிடம் ஓடர் எதுவும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது அந்தச் சபையே இல்லை. வேறு பெயரில் வேறு கட்டடத்தில் பெரிதாக ஒன்று நடக்கிறது. தாம்போதியை உயர்த்திவிட்டார்கள், மாரியிலும் பஸ் நிற்பதில்லை. செக்கட்டரி ஐயா மாற்றலாகிப் போய், பிறகு அக்கரைப்பற்றில்தான் காலமானார் என்று கேள்வி. ஆதம்பாவா காக்காவின் மையித்து அடக்கத்துக்குச் சந்தைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள்.

பொன்னம்மாக்கா ஓய்வு பெற்ற பிறகும் சந்தைக்கு வருவார், மாம்பழ மஞ்சள் சேலையோடு. கல்முனைச் சந்தையில் நான் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது பின்னால் இருந்து அந்தக் குரல் வரும். "கொலனிப் புள்ளே, சோதின எப்படிகா?" நான் ரீச்சராகி, அதிபராகி, தலை நரைத்த பிறகும் அவருக்கு வேறு கேள்வி இல்லை. சுற்றி நிற்கிறவர்கள், என்னிடம் படித்தவர்கள், திகைத்துப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு தடவையும் "பறவாயில்ல அக்கா" என்பேன். அவர் திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

சந்தை இப்போது புதிது. தரைக்கு மாபிள் பதித்திருக்கிறார்கள், மீனுக்கு ஐஸ் பெட்டி இருக்கிறது. நான் போனால் ஆட்கள் எழுந்து வழிவிடுகிறார்கள், "மிஸ், இஞ்சால வாங்க" என்கிறார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. புள்ளே என்று கூப்பிடத்தான் அங்கே ஒருவரும் இல்லை.